வெல்டிங் புகையால் உடம்பு கெட்டால்: அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

வெல்டிங் பட்டறையில் ஒருவருக்கு முடியாமல் போனால் கைவசம் இருக்கும் வைத்தியம் அநேகமாக ஒன்றுதான்: ஒரு டம்ளர் பால், இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் வெல்லம், படுக்கும் முன் ஒரு காய்ச்சல் மாத்திரை. காலையில் எழுந்து வேலைக்கு வந்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. சில புகைக்கு அந்த ஓய்வே போதும். வேறு சில புகைக்கு, அப்படி ஒரு ராத்திரி காத்திருந்தால் உயிர் போய்விடும். முதல் சில மணி நேரம் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த வழிமுறை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் நான்கு விஷயங்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பற்றவைத்தது எந்த உலோகம், அதன் மேல் என்ன இருந்தது (ஜிஐ எனும் துத்தநாகப் பூச்சு, பெயிண்ட், முலாம், கிரீஸ், கழுவிய திரவம்)? எந்த ராடு, எந்த வயர், எந்த கேஸ்? வேலை நடந்தது திறந்த வெளியிலா, ஷெட்டுக்குள்ளா, தொட்டிக்குள்ளா? வேலை தொடங்கி எத்தனை மணி நேரம் கழித்து உடம்பு மாறியது? ராடு பாக்கெட்டின் லேபிளையும், துடைக்கப் பயன்படுத்திய டின்னின் லேபிளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் ‘வெல்டிங் வேலை செய்தார்’ என்று சொல்வதைவிட அந்த இரண்டு படமும் அதிகம் பேசும்.

மூச்சிரைப்பு, உதடோ நகமோ நீலம் பூப்பது, நெஞ்சு இறுக்கம், நுரையோடு அல்லது இளஞ்சிவப்பாகச் சளி, குழப்பமான பேச்சு, மயக்கம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ராத்திரி குளிர் காய்ச்சல், வாயில் இரும்பு ருசி

பகலில் ஜிஐ பைப்பில் கேட் அடித்தார். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நாலு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரத்துக்குள் தொண்டை வறண்டு, தாகம் எடுத்து, நாக்கில் உலோக ருசி தட்டி, பிறகு உடம்பு வலியோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வருகிறது. இது துத்தநாகப் புகைக் காய்ச்சல். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். இரும்பு உருகவே சுமார் 1,500 டிகிரி வேண்டும். ஆகவே இரும்பு உருகும் முன்பே அதன் மேல் பூச்சு முழுவதும் வெள்ளைப் புகையாகக் கிளம்பிவிடும். தையலை, அதாவது பற்றவைத்த கோட்டைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து, நூலாம்படை மாதிரி மிதப்பது அதுதான். பித்தளை ராடு வைத்து கேஸ் வெல்டிங் செய்தாலும் இதே காய்ச்சல் வரும், ஏனென்றால் அதிலும் துத்தநாகம் இருக்கிறது.

இந்தக் காய்ச்சலுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. தொடர்ந்து புகை பட்டால் இரண்டு மூன்று நாளில் உடம்பு தற்காலிகமாகப் பழகிக்கொள்ளும். ஒன்றிரண்டு நாள் விடுப்பு விட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். அதனால்தான் ஞாயிறு லீவு முடிந்த திங்கட்கிழமையும், பொங்கல், தீபாவளி முடிந்து பட்டறை திறக்கும் முதல் நாளும் மோசமாக இருக்கும். ‘எனக்குப் பழகிவிட்டது’ என்று சொல்பவரின் நுரையீரலும் புகையை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஓய்வு, நிறைய தண்ணீர், தேவைப்பட்டால் பாரசிட்டமால். 24 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் தானாக இறங்கிவிடும். பால் குடித்தால் புகை இறங்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பால் போவது இரைப்பைக்கு, புகை போனது நுரையீரலுக்கு. தாகத்துக்குக் குடிப்பதில் தவறில்லை. ‘பால் குடித்தாயிற்று, மாஸ்க் வேண்டாம்’ என்று நினைப்பதுதான் கெடுதல். 48 மணி நேரம் தாண்டியும் காய்ச்சல் நீடித்தால் அது புகைக் காய்ச்சல் இல்லை என்று வைத்துக்கொண்டு டெங்கு, மலேரியா, நிமோனியாவுக்குப் பரிசோதனை செய்ய வேண்டும்.

இதைச் சரிசெய்யும் இடம் பைப்பின் மேல் இருக்கிறது. பற்றவைக்கும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் 5 செ.மீ. வரை பூச்சைக் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் போட்டு எடுத்துவிடுங்கள், வெறும் இரும்பு தெரியும் வரை. கம்பி பிரஷ் பூச்சைப் பளபளப்பாக்குமே தவிர எடுக்காது. எடுக்கும்போது மாஸ்க் வேண்டும். பலர் மறப்பது, ஜிஐ பைப்பின் உள்பக்கமும் பூச்சு உண்டு என்பதை. வெளியே எவ்வளவு சுத்தமாகத் தேய்த்தாலும் உள்ளே கிளம்பும் புகை பைப்பின் திறந்த வாய் வழியாக வரும். அந்த வாய் உங்கள் முகத்தைப் பார்க்காதபடி பைப்பைத் திருப்பி வையுங்கள். எங்கே முடியுமோ அங்கே பூச்சில்லாத கறுப்புப் பைப்பில் கேட்டை அடித்துவிட்டுப் பிறகு முலாம் பூசக் கொடுங்கள், அல்லது ஜிங்க் பெயிண்ட் அடியுங்கள்.

அதே காய்ச்சல், ஆனால் மூச்சு இரைக்கிறது

துத்தநாகக் காய்ச்சலில் உடம்பு வலிக்கும், குளிரும், லேசாக இருமலும் வரலாம். ஆனால் பாத்ரூம் வரை நடந்தாலே மூச்சு வாங்குவது அதன் குணம் இல்லை. அப்படி வாங்கினால் கீழே உள்ள மூன்றில் ஒன்றைச் சந்தேகப்படுங்கள். மூன்றுக்கும் பொதுவான ஆபத்து, தாமதம். புகை பட்டபோது லேசான எரிச்சல். பிறகு சில மணி நேரம் நன்றாக இருப்பது போலத் தோன்றும். அதற்குள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கும்.

காட்மியம். சில வகைச் சில்வர் பிரேசிங் ராடுகளிலும் (வெள்ளி கலந்த, உருக்கி ஒட்டும் ராடு), பழைய இயந்திரங்களின் முலாம் பூசிய போல்ட்டுகளிலும் இருக்கும். இது 767 டிகிரியிலேயே கொதிக்கும். முதல் நாள் அப்படியே துத்தநாகக் காய்ச்சல் மாதிரி இருக்கும், அதனால்தான் ஏமாற்றுகிறது. அடுத்த ஓரிரு நாளில் மூச்சு முட்டும். பிழைத்தாலும் சிறுநீரகம் கெடலாம். மஞ்சள் மினுக்கம் உள்ள முலாம் துத்தநாகமா காட்மியமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே பழைய இரும்புக் கடையில் வாங்கிய, பூர்வீகம் தெரியாத முலாம் போல்ட்டைப் பற்றவைக்காதீர்கள், கட்டிங் செட்டாலும் வெட்டாதீர்கள். சில்வர் ராடு வாங்கும்போது காட்மியம் இல்லாதது என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். விலை கூடுதலாகத்தான் இருக்கும்.

பாஸ்ஜீன். கிரீஸ் துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் டிரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன், மெத்திலீன் குளோரைடு போன்ற குளோரின் கலவைகள் இருக்கும். சில பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களிலும் உண்டு. அந்த ஆவி மேல் ஆர்க்கின் (வெல்டிங் மின்சுடரின்) சூடோ புறஊதா ஒளியோ பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். ஈரம் காயாத பாகத்தில் ஆர்க் அடிப்பது மட்டும்தான் ஆபத்து என்றில்லை. பக்கத்தில் திறந்து வைத்த டின்னின் ஆவியே போதும். நனைந்த வைக்கோல் மாதிரி வாடை வரும் என்பார்கள். மூக்குக்கு எட்டும் அளவே காற்றில் கோடியில் ஒரு பங்கு என்ற பாதுகாப்பு வரம்பை (0.1 பிபிஎம்) தாண்டியதுதான், அதனால் ‘வாடை வரவில்லையே’ என்ற நிம்மதி கூடாது. ஏசி மெக்கானிக்குகளுக்கும் இது சேரும்: ஆர்22 கேஸ் லைனில் மிச்சம் இருக்கும்போது டார்ச் வைத்தால் பாஸ்ஜீனோடு அமில வாயுக்களும் கிளம்பும். கேஸை முழுக்க மீட்டெடுத்து, நைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்த பிறகே டார்ச். கிரீஸ் போக்க சோப்பு நீரோ காரக் கரைசலோ போதும். கழுவி, துடைத்து, காயவிட்டுப் பிறகு ஆர்க்.

நைட்ரஜன் டை ஆக்சைடு. பெரிய கேஸ் டார்ச்சால் மூடிய இடத்தில் நெடுநேரம் சூடேற்றினால், காற்றில் இருக்கும் நைட்ரஜனே எரிந்து இது உருவாகிறது. தொட்டிக்குள் வளைந்த தகட்டைச் சூடுகாட்டி நிமிர்த்தும் வேலை இதற்குச் சரியான உதாரணம். குணமாகி வீடு திரும்பிய பிறகும் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் மூச்சிரைப்பு மறுபடி வரக்கூடும், அதனால் மருத்துவர் சொன்ன மறுபரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

இந்த மூன்றில் ஒன்றைச் சுவாசித்திருக்கலாம் என்று தெரிந்தால், ஆள் நன்றாக இருந்தாலும் நடக்கவிடாதீர்கள், பாரம் தூக்கவிடாதீர்கள், பைக் மிதிக்கவிடாதீர்கள். உடலுழைப்பு நுரையீரலில் நீர் கோப்பதை வேகப்படுத்தும். உட்கார்ந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், குறைந்தது 24 மணி நேரம் கண்காணிப்பில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால், எந்த வாயு என்பதையும் பட்ட நேரத்தையும் எழுதிக் கொடுத்து, தாமதமாக நீர் கோக்கும் வாயு என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

தொட்டிக்குள், பைப்புக்குள், குழிக்குள் தலை சுற்றுகிறது

தண்ணீர் லாரியின் தொட்டி, கொதிகலன் டிரம், பெரிய விட்டப் பைப், அடித்தளக் குழி. இங்கே ஆளைக் கொல்வது கண்ணுக்குத் தெரியும் புகையைக் காட்டிலும் தெரியாத வாயுதான். ஆர்க்கைச் சுற்றி விடும் ஆர்கான் கேஸ் காற்றைவிட சுமார் 1.4 மடங்கு கனம். கார்பன் டை ஆக்சைடு 1.5 மடங்கு. இரண்டும் அடியில் தங்கும். தொட்டியின் வாயில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே குனிந்து அடிப்பக்கம் தைக்கிறவரின் மூக்கு இருக்கும் இடத்தில் பிராணவாயு தீர்ந்திருக்கும். ஆர்கானுக்கு வாடையும் இல்லை, எரிச்சலும் இல்லை. ஆக்சிஜன் மிகவும் குறைந்த இடத்தில் ஒன்றிரண்டு மூச்சில் நினைவு தப்பும். தடுமாறி வெளியே வர நேரம் கிடைக்காது.

அடிக்கடி நடக்கும் தவறு சாப்பாட்டு நேரத்தில். டார்ச்சைத் தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். வால்வு லேசாகக் கசிந்தாலும் ஒரு மணி நேரத்தில் அடிப்பக்கம் நிறைந்துவிடும். திரும்பி வந்து முதலில் இறங்குகிறவர் விழுகிறார், தூக்கப் போன இரண்டாமவரும் விழுகிறார். இடைவேளைக்கு வெளியே வரும்போது டார்ச்சும் ஹோஸும் உங்களோடு வெளியே வர வேண்டும், வால்வைச் சிலிண்டரிலேயே மூட வேண்டும். எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) பைப்புக்கு உள்பக்கம் ஆர்கான் விட்டுப் பர்ஜ் செய்தால் (உள்காற்றை வெளியேற்றினால்), தையல் முடிந்ததும் பைப்புக்குள் தலையை நீட்டி வேரை, அதாவது தையலின் உள்பக்கத்தைப் பார்ப்பது இன்னொரு வழக்கமான விபத்து. கண்ணாடியும் டார்ச் லைட்டும் வைத்து வெளியிலிருந்தே பாருங்கள், அல்லது பிளோயர் விட்டுக் காற்றை மாற்றிவிட்டுப் பாருங்கள்.

தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி மெதுவாக ஏறினால் கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) வெல்டிங்கில் அந்த கேஸே ஆர்க்கின் சூட்டில் பிரிந்து இதைத் தரும். கோவிட் காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்து ‘98 காட்டுகிறது, ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவி நல்ல ரத்தமாகவே படிக்கும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இறங்கும் முன் செய்ய வேண்டியது: நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டரால் மேலே, நடுவே, அடியில் மூன்று இடத்திலும் அளவு. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையவும் 23.5-ஐத் தாண்டவும் கூடாது. பிளோயரின் குழாய் அடிப்பக்கம் வரை போக வேண்டும், தொட்டியின் வாயில் வைத்து ஊதினால் மேல்காற்றுதான் சுற்றும். வேலை நடக்கும் நேரம் முழுக்க பிளோயர் ஓட வேண்டும். வெளியே ஒருவர், வேறு வேலை கொடுக்கப்படாத ஒருவர், உள்ளே இருப்பவர் மேல் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். உள்ளே ஆள் விழுந்தால் அவர் குதிக்கக் கூடாது; கயிற்றை இழுப்பதும் 108, 112-ஐக் கூப்பிடுவதும்தான் அவர் வேலை. ‘காற்று பத்தவில்லை’ என்று கட்டிங் செட்டின் ஆக்சிஜன் ஹோஸை உள்ளே திறந்துவிடுவது தற்கொலைக்குச் சமம். ஆக்சிஜன் ஏறிய இடத்தில் ஒரு பொறி பட்டால் போட்டிருக்கும் சட்டையே கொழுந்துவிட்டு எரியும். முகத்தில் போடும் எந்தப் பஞ்சு மாஸ்க்கும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், இல்லாத ஆக்சிஜனைக் கொண்டுவராது.

வேலை நடக்கும்போதே தொண்டை கரகரப்பு, வறட்டு இருமல்

காரணம் எந்த வேலையில் வருகிறது என்பதில் தெரிந்துவிடும். அலுமினியத்தையோ எஸ்எஸ்ஸையோ ஆர்கானில் செய்யும்போது, புகை கொஞ்சமாக இருந்தும் நெஞ்சு காந்தினால் ஓசோன். ஆர்க்கின் புறஊதாக் கதிர் காற்றில் உள்ள ஆக்சிஜனை ஓசோனாக்குகிறது. புகை குறைந்து ஆர்க் பளிச்சென்று இருக்கும் இடத்தில்தான் அது அதிகம். இதற்கும் வரம்பு 0.1 பிபிஎம். பஞ்சு மாஸ்க் ஓசோனைப் பிடிக்காது, உறிஞ்சு குழாயைப் பக்கத்தில் வைப்பதே வழி.

7018 என்ற எண் உள்ள ராடில் மட்டும் மூக்கு எரிந்தால் அதன் பூச்சில் இருக்கும் கால்சியம் ஃபுளோரைடு காரணம். தைப்பு 6013 எண் ராடுக்கு மாற்றக்கூடியதா என்பதை வரைபடமும் இன்ஸ்பெக்டரும்தான் சொல்ல வேண்டும், நீங்களாக மாற்றாதீர்கள், காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

பழைய லாரி பாடி, பஸ் பாடி, பாலக் கம்பி ஆகியவற்றில் பெயிண்டோடு தைக்கும்போது எரிந்தால், பெயிண்ட்தான். ரெட் லெட் பிரைமரில் ஈயம். பாலியூரித்தேன் பெயிண்டு எரிந்தால் ஐசோசயனேட், அது ஆஸ்துமாவையே கொண்டுவரும். இரண்டு பக்கமும் 10 செ.மீ. வரை பெயிண்டை எடுத்துவிட்டுத்தான் ராடு வைக்க வேண்டும். டார்ச்சால் பெயிண்டை எரித்து எடுப்பது, தவிர்க்க வேண்டிய அதே புகையை இன்னும் அதிகமாகக் கிளப்பும்.

வேலை நாளில் இழுப்பு, லீவு நாளில் சுகம்

இரவில் இருமல், விசில் மாதிரி மூச்சு. ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கிறது, ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்தால் முற்றிலும் போய்விடுகிறது. இது தொழில்சார் ஆஸ்துமாவின் நடை. எஸ்எஸ் புகையில் உள்ள குரோமியமும் நிக்கலும் முக்கியக் குற்றவாளிகள்.

உறுதிசெய்யப் பெரிய செலவில்லை. மருந்துக் கடையில் பீக் ஃபுளோ மீட்டர் என்று கேட்டால் கிடைக்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று போதும். எழுந்ததும், வேலை நடுவில், வேலை முடிந்ததும், படுக்கும் முன் என நாளுக்கு நாலு முறை ஊதுங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று ஊதல், அதில் பெரிய எண்ணை மட்டும் குறியுங்கள். மூன்று நான்கு வாரம், லீவு நாளையும் சேர்த்து. பக்கத்தில் அன்று என்ன வேலை, எந்த ராடு என்று ஒரு வரி. வேலை நாள் எண்கள் தொடர்ந்து சரிந்து லீவு நாளில் ஏறினால் அந்தத் தாளோடு நுரையீரல் மருத்துவரிடம் போங்கள். இன்ஹேலர் அடித்துக்கொண்டே அதே புகையில் நிற்பது தீர்வாகாது. எத்தனை சீக்கிரம் புகையிலிருந்து விலகுகிறாரோ அத்தனை முழுமையாகக் குணமாக வாய்ப்பு.

மூக்கில் ரத்தம், காயாத புண்

எஸ்எஸ் ராடு வெல்டிங் செய்பவரின் மூக்கில் அடிக்கடி பொருக்குத் தட்டி ரத்தம் கசிந்தால் குரோமியம். அதன் ஆறு இணைதிறன் வடிவம்தான் விஷம், எஸ்எஸ் ராடில் ஃபிளக்ஸ் இருப்பதால் ஆர்கான் வெல்டிங்கைவிட ராடு வெல்டிங்கில் பல மடங்கு அதிகமாக வரும். மூக்கின் நடுச் சுவர் வலியே இல்லாமல் ஓட்டையாகும். மாதம் ஒரு முறை டார்ச் லைட் அடித்து ஒருவர் மூக்கை மற்றவர் பாருங்கள். புண் தெரிந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர். மெல்லிய எஸ்எஸ் வேலையை ராடிலிருந்து ஆர்கானுக்கு மாற்றினாலே பெரும்பகுதி குறையும்.

கை நடுக்கம், எழுத்து சிறுத்துப்போவது, நடை தடுமாற்றம்

இது ஒரே நாளில் வராது, மாதங்கள் வருடங்களில் ஊறும். தூக்கம் கெடும், காரணமில்லாமல் கோபம் வரும், பேச்சு முணுமுணுப்பாகும், கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும், பின்பக்கமாக நடக்கச் சொன்னால் விழப்போவார். வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். மாங்கனீஸ் மூளையில் படிவதால் வருவது. பார்க்கப் பார்க்கின்சன் நோய் மாதிரி இருக்கும், ஆனால் அதற்குக் கொடுக்கும் மருந்துக்குச் சரியாகப் பணியாது. ஆகவே நரம்பு மருத்துவரிடம் ராடு விவரத்தைச் சொல்லாவிட்டால் தடம் மாறிப்போகும்.

சாதா ராடிலும் கொஞ்சம் மாங்கனீஸ் உண்டு. அதிகம் படுவது ஹார்ட் ஃபேசிங் (தேயும் பாகத்தின் மேல் கடின உலோகம் ஏற்றுவது) செய்பவர்களுக்கு: சர்க்கரை ஆலை ரோலர், ஜல்லி கிரஷரின் தாடைத் தகடு, ஜேசிபி பக்கெட்டின் பல். இவற்றுக்கான சில ராடுகளில் மாங்கனீஸ் 12 முதல் 14 சதவீதம். அமெரிக்காவின் அரசுசார் தொழில் சுகாதார வல்லுநர்களின் அமைப்பு 2013-இல் நுண்துகள் மாங்கனீஸுக்கு வைத்த வரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.02 மில்லிகிராம். உறிஞ்சு குழாய் இல்லாமல் ஹார்ட் ஃபேசிங் செய்யும் ஷெட்டில் அந்த அளவைத் தாண்ட வெகுநேரம் ஆகாது. இந்த வேலைக்கு மாஸ்க்கும் உறிஞ்சு குழாயும் இரண்டும் வேண்டும். ஒருவரையே வருடக்கணக்கில் நிறுத்தவும் கூடாது.

கறுப்புச் சளி, எக்ஸ்ரேயில் புள்ளிகள்

சளி கறுப்பாக வந்தால் முதலில் அது மாஸ்க் வேலை செய்யவில்லை என்பதற்கான சாட்சி. வருடங்கள் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரல் முழுக்கச் சின்னப் புள்ளிகள் தெரியலாம். இரும்புத் துகள் படிந்ததால் வரும் சிடரோசிஸ் அது. காசநோய் என்று தவறாகப் படிக்க இடம் உண்டு. வெல்டர் என்று சொல்லி, சளிப் பரிசோதனை முடிவு வரும் வரை எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று கேளுங்கள். மறுபக்கமும் உண்மை: வெல்டருக்கும் காசநோய் வரும். இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை கட்டாயம், ‘புகைதான்’ என்று தள்ளக் கூடாது.

உலோகப் புகை படும் நுரையீரலில் நிமோனியாக் கிருமி எளிதாகப் பற்றும். பிரிட்டனில் வெல்டர்களுக்கு நிமோகாக்கல் தடுப்பூசியைப் பரிந்துரைப்பது அதனால்தான். இங்கேயும் அந்த ஊசி கிடைக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

‘சாதா இரும்புதானே, எஸ்எஸ் இல்லையே’ என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகை முழுவதையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் சேர்த்தது. சாதா இரும்பு என்று தனி விலக்கு கொடுக்கவில்லை. 2019-இல் பிரிட்டனின் தொழில் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம், சாதா இரும்புக்கும் உறிஞ்சு குழாய் இல்லாமல் ஷெட்டுக்குள் வேலை கூடாது என்று விதியை இறுக்கியது.

மேலே உள்ள எல்லாவற்றுக்கும்: புகை எந்த வழியாக மூக்குக்கு வருகிறது

புகையில் பத்தில் ஒன்பது பங்கு ராடிலிருந்தோ வயரிலிருந்தோ கிளம்புவது. அதனால் தேவைக்கு மேல் ஆம்பியர் வைப்பதும், ஆர்க்கை நீளமாக இழுப்பதும் புகையைக் கூட்டும். சிஓ2 மட்டும் விடும் இடத்தில் 80 பங்கு ஆர்கான், 20 பங்கு சிஓ2 கலந்து விட்டால் புகையும் தெறிப்பும் குறையும்.

அடுத்து, உட்காரும் விதம். கிரில் பட்டறையில் தரையில் குத்துக்காலிட்டு, வேலையை இரண்டு பாதத்துக்கும் நடுவே வைத்து, தாடை முழங்காலைத் தொடுகிற மாதிரி குனிவார்கள். புகை நேராக மேலே ஏறி, ஹெல்மெட்டின் தாடைப் பக்கத்துத் திறப்பில் நுழைந்து, உள்ளேயே சுற்றும். வேலையை இடுப்பு உயர மேசைக்கு ஏற்றி, சாய்த்து வைத்து, தலையை ஒரு முழம் பின்னால் வைத்தாலே செலவில்லாமல் பாதிப் பிரச்சினை தீரும்.

பெடஸ்டல் ஃபேனை முதுகுக்குப் பின்னால் வைப்பது தவறு. உடம்பில் பட்டுச் சுழலும் காற்று, முகத்துக்கு முன்னால் புகையை இழுத்து நிறுத்தும். பக்கவாட்டில் வையுங்கள், புகை போகும் திசையில் வேறொருவர் நிற்காதபடி. கேஸ் விடும் வெல்டிங்கில் காற்று மிஞ்சினால் கேஸ் கலைந்து தையலில் துளை விழும். துளை விழாத, புகை மட்டும் சாயும் தூரத்துக்கு ஃபேனைத் தள்ளுங்கள்.

உறிஞ்சு குழாய் போட்டும் புகை போகவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை தூரம்தான் காரணம். 3 அங்குலக் குழாயின் வாய் ஆர்க்கிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தூரத்தில் இருந்தால் நிமிடத்துக்கு 150 கன அடி காற்று போதும். 25 முதல் 30 செ.மீ.க்கு நகர்த்தினால் ஐந்தரை அங்குலக் குழாயும் 600 கன அடியும் வேண்டும். தூரம் இரட்டித்தால் உறிஞ்ச வேண்டியது நாலு மடங்கு. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஆர்க் இருக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள்: புகை தயங்காமல் குழாய்க்குள் போக வேண்டும். தயங்கினால் வாயை நெருக்குங்கள், ஹோஸில் ஓட்டை, ஃபில்டர் அடைப்பு, மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுவது ஆகியவற்றைப் பாருங்கள். த்ரீ ஃபேஸில் இரண்டு வயர் மாறிப்போய் ஃபேன் தலைகீழாகச் சுற்றும்போதும் கொஞ்சம் காற்று இழுக்கும், அதனால் யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

மாஸ்க் போட்டும் மூக்குக்குள் கறுப்பு

கர்ச்சீப்பும் துண்டும் வெல்டிங் புகையை நிறுத்தாது. புகைத் துகளில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் கீழே. சர்ஜிக்கல் மாஸ்க்கின் ஓரம் திறந்தே இருக்கும், பொறி பட்டால் உருகவும் செய்யும். ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள எஃப்எஃப்பி2 வகை மாஸ்க் குறைந்தபட்சம். எஸ்எஸ், ஹார்ட் ஃபேசிங் வேலைக்கு எஃப்எஃப்பி3 அல்லது பி100 ஃபில்டர் மாட்டிய ரப்பர் அரைமுக மாஸ்க். காதில் மாட்டும் வளையத்தைவிடத் தலைக்குப் பின்னால் போகும் இரண்டு பட்டை உள்ளதே இறுக்கமாக உட்காரும். நாள் முழுக்க ஆர்க்கில் இருப்பவருக்குக் காற்று ஊதும் ஹெல்மெட் வாங்கிக் கொடுக்க முடிந்தால் வேறு எதுவும் யோசிக்க வேண்டாம்.

நல்ல மாஸ்க்கிலும் கறுப்பு வந்தால், உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூக்குத் தண்டின் இருபுறமும் கறுப்புக் கோடு இருந்தால் மேல் கம்பியை அழுத்தி வடிவமைக்கவில்லை. கன்னத்தில் கோடு என்றால் தாடி அல்லது அளவு சரியில்லை. இரண்டு நாள் தாடியே போதும் கசிய. ஓரத்தில் கோடே இல்லாமல் உள்ளே முழுக்கச் சாம்பல் என்றால், கழற்றி மெஷின் மேல் தொங்கவிட்டபோது புகை உள்ளே படிந்திருக்கிறது. ஜிப் பையில் போட்டு வையுங்கள். மூச்சு இழுக்கக் கனமானால் மாஸ்க் நிறைந்துவிட்டது, தட்டிவிட்டோ துவைத்தோ மறுபடி போடக் கூடாது.

எங்கே பதிய வேண்டும்

மாங்கனீஸ் விஷம், குரோமியப் புண், நைட்ரஜன் புகை, கார்பன் மோனாக்சைடு, பாஸ்ஜீன் – இவை தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டவை. தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இதைப் பார்க்கிறது. இஎஸ்ஐ அட்டை இருந்தால் இஎஸ்ஐ மருந்தகத்திலேயே முதல் நாள் காட்டுங்கள். மருத்துவச் சீட்டில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் இல்லாமல், என்ன வேலை, எந்த உலோகம், எந்த ராடு, எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். தொழில்நோய் என்று பின்னால் இழப்பீடு கேட்கும் நாளில் கையில் இருக்க வேண்டியது அந்தச் சீட்டும், ராடு பாக்கெட்டின் படமும், ஊதிக் குறித்த தாளும்.